நாலு வருசமா ஒரே இட்டேரி

போன வாரம் கம்பெனில கூட வேலை பாக்கற பொண்ணு ஒருத்தி என் போன்ல இருக்கற போட்டோவெல்லாம் தள்ளித் தள்ளிப் பாத்துட்டு, "அக்கா, இதெல்லாம் எந்தக் காட்டுல எடுத்தீங்க, வால்பாறையா டாப்ஸ்லிப்பா"ன்னு கேட்டா. எல்லாமே எங்க பெரியப்பா தோட்டத்துக்குப் போற இட்டேரில எடுத்ததுன்னு சொன்னேன், நம்பவே இல்ல. இட்டேரின்னா என்னன்னே அவளுக்குத் தெரியல, திருப்பூர் டவுனுக்குள்ளயே பொறந்து வளந்தவ. அவளுக்குச் சொன்னதையே இங்கயும் எழுதி வெச்சுடலாம்னு உக்காந்துட்டேன்.

ரெண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவுல ஒரு மாட்டுவண்டி போற அளவுக்குத் தடம், அதுதான் இட்டேரி. எங்களுது காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவால, கொறங்காட்டு பூமி, அதாவது வேலி போட்ட மேய்ச்சக்காடு. மாடும் செம்மறியும் மேயறதுக்காக கிளுவைக் கிளையை வெட்டிப் போத்தா நட்டு நட்டு அந்தக் காலத்துல வளத்த வேலி. கிளுவை கோடையில இலையெல்லாம் உதுத்துட்டு வெறும் பச்சைக் குச்சியா முள்ளோட நிக்கும், ஒரு மழை பேஞ்சா போதும், துளுத்துரும். அதுக்குள்ளயே சங்கஞ்செடி, சூரி முள்ளு, பிரண்டை, கோவக்கொடி, வேலிப்பருத்தி, அங்கங்க ஒரு வெள்ளவேலா மரம். சும்மா நடந்தா ஒரு பத்து நிமிசத்துல அந்தப் பக்கம் போயிரலாம். கேமராவோட போனா எனக்கு மூணு மணி நேரம் பத்தாது.

கேமரா செகண்ட் ஹேண்ட்ல வாங்குன கேனன் 700டி, கூட ஒரு 55-250 லென்ஸ். 2021 கடைசில வாங்கினேன். மொத மூணு மாசம் எல்லாரையும் மாதிரி நானும் நஞ்சராயன் குளத்துக்குத்தான் ஓடினேன், நல்ல எடந்தான் அது, 2022ல பறவைகள் சரணாலயமாச்சு, 2024 ஆகஸ்ட்ல உலக அளவுல முக்கியமான ஈரநெலங்களோட ராம்சர் பட்டியல்லயும் சேந்துச்சு, குளிர்காலத்துல இமயமலையைத் தாண்டி வர்ற வரித்தலை வாத்தை திருப்பூர்ல நின்னு பாக்கலாம்ங்கறது சாதாரண விசயமா. ஆனா என் லென்ஸுக்கு அந்த வாத்து தண்ணிக்கு நடுவுல ஒரு புள்ளி. பக்கத்துல 600 எம்எம் வெச்சு எடுக்கறவங்களைப் பாக்கப் பாக்க நமக்கும் அந்த மாதிரி லென்ஸ் இருந்தாதான் ஆகும்னு ஒரு ஏக்கம் மட்டும் மிச்சமாச்சு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழமை பெரியப்பா தோட்டத்துக்குப் போனப்ப வேலி ஓரமா சும்மா நின்னேன், ஒரு பச்சைப் பஞ்சுருட்டான் பத்தடி தூரத்துல வந்து உக்காந்துச்சு. உக்காந்தது பறந்து போய் ஒரு பூச்சியைப் புடிச்சுட்டு அதே குச்சிக்கே திரும்பி வந்துச்சு. மறுபடி போச்சு, மறுபடி அதே குச்சி. அன்னைக்குதான் எனக்கு உறைச்சது, லென்ஸ் எட்டலைன்னா என்ன, அது எங்க வரும்னு தெரிஞ்சா போதும்.

பஞ்சுருட்டான் புடிக்கறவங்களுக்கு, அதாவது போட்டோ புடிக்கறவங்களுக்கு சொல்றேன், அது கெளம்பறப்ப தொரத்தாதீங்க. அந்தக் குச்சி மேலயே போகஸ் வெச்சுட்டு ஷட்டர் ஸ்பீடை 1/2000க்கு ஏத்திட்டு காத்திருங்க, தேனீயோட திரும்பி வரும், வந்து அந்த தேனீயைக் குச்சில சப்பு சப்புன்னு அடிச்சுத் தேய்ச்சு கொடுக்கை எடுத்துட்டுத்தான் முழுங்கும். இதை எடுக்க எனக்கு ஆறு ஞாயித்துக்கெழமை ஆச்சு. அந்த ஆறு வாரத்துல வேலி எனக்குப் பழகிருச்சு, வேலிக்கு நானும் பழகிட்டேன்னு நெனைக்கறேன், தவுட்டுக்குருவிக்கூட்டம் மொதல்ல என்னைப் பாத்தா கத்திக் கூப்பாடு போடும், இப்ப காலடில வந்து சருகைக் கிளறும்.

அந்தத் தவுட்டுக்குருவிங்க மூலமாத்தான் நான் எடுத்ததுலயே எனக்கு ரொம்பப் புடிச்ச படம் கெடைச்சுது. ஒரு ஆவணி மாசம், நாலஞ்சு குருவிங்க மாத்தி மாத்தி ஒரே குஞ்சுக்கு ஊட்டிட்டு இருந்துச்சுங்க, அந்தக் குஞ்சு என்னடான்னா அதுங்க சாடைலயே இல்ல, கருப்பும் வெளுப்புமா, தலைல கொண்டை வேற மொளைச்சுட்டு இருக்கு. சுடலைக்குயில் குஞ்சு. அது கூடு கட்டாது, தவுட்டுக்குருவி கூட்டுல முட்டையை வெச்சுட்டுப் போயிரும், முட்டையும் அதே நீலக் கலர்லயே இருக்கறதால தெரியாது. நான் பெரியப்பாகிட்ட கேமரா ஸ்க்ரீன்ல காட்டினேன். "அம்மிணி, இது தெரியாதா, அடுத்தவன் பண்டத்துல பொழைக்கறது இது, ஆனா கத்துச்சுன்னா மழை வரும்"னார். அவருக்கு எந்தக் குருவிக்கும் புக்குல இருக்கற பேர் தெரியாது, ஆனா எது எந்த மாசம் எந்த முள்ளுல கூடு வெக்கும்னு கேட்டா படுத்துட்டே சொல்லுவார்.

கீச்சான் பத்தியும் சொல்லணும். சின்னக் குருவிதான், கண்ணுல மை பூசுன மாதிரி கருப்புப் பட்டை. புடிச்ச வெட்டுக்கிளியை கிளுவை முள்ளுல குத்தி வெச்சுரும், அப்பறமா வந்து பிச்சுத் திங்கும். ஒரு நா காலைல ஒரே வரிசைல மூணு வெட்டுக்கிளி முள்ளுல தொங்குச்சு, துணிக்கொடில காயப்போட்ட மாதிரி.

பட்டாம்பூச்சி பக்கம் நான் வந்தது செடியைப் படிக்க ஆரம்பிச்ச பிறகுதான். இது யாரும் எனக்குச் சொல்லித் தரல, தானாப் புரிய ஒரு வருசம் ஆச்சு, பட்டாம்பூச்சி வேணும்னா பூவைத் தேடக் கூடாது, அது முட்டை வெக்கற செடியைத் தேடணும். சங்கஞ்செடி இருந்தா ஸ்மால் சால்மன் அராப் வரும், இளஞ்சிவப்புல ஒரு துணுக்கு மாதிரி பறக்கும், உக்காந்து ரெக்கையை மூடிட்டா மங்கலா ஆயிரும். கருப்பு மண்ணுல தரையோட படர்ற ஆடுதீண்டாப்பாளை இருக்குல்ல, ஆடு கூட வாய் வெக்காத செடி, அதைத் தின்னுதான் கிரிம்சன் ரோஸ் புழு வளருது, அந்த வெசத்தை ஒடம்புலயே வெச்சுக்கும், செவந்த ஒடம்பு என்னைத் திங்காதேன்னு குருவிங்களுக்குச் சொல்ற நோட்டீஸ். எருக்கஞ்செடில வெந்தய வரியன் புழு, கறிவேப்பிலைல காமன் மார்மன். வீட்டுல கறிவேப்பிலைச் செடி இருக்கறவங்க இலையை ஓட்டை போட்ட புழுவை நசுக்காம ரெண்டு வாரம் விட்டுப் பாருங்க.

அப்புறம் புரட்டாசி ஐப்பசில வரும் பாருங்க ஒரு கூட்டம். புளூ டைகர், டார்க் புளூ டைகர், காமன் குரோ, டபுள் பிராண்டட் குரோ, எல்லாம் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போறதுங்க, கொங்கு பூமியைத் தாண்டித்தான் போயாகணும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால மறுபடி கிழக்க திரும்பும். போற வழில எங்க இட்டேரில இருக்கற கிலுகிலுப்பைச் செடில எறங்கும், அதுவும் காஞ்ச செடில, ஒரு கிளைல பத்து இருவதுன்னு மொய்க்கும். பூவுல தேன் குடிக்கறதுக்கு இல்ல, அந்தச் செடில இருக்கற ஒரு ரசாயனத்தை ஆண் பூச்சிங்க உறிஞ்சி எடுத்துக்கும், பெண்ணை ஈர்க்கற வாசனை செய்ய அது வேணும். 2023 ஐப்பசில மழை விட்ட ஒரு காலைல அந்தக் கிலுகிலுப்பைக்கு முன்னால முட்டி போட்டு உக்காந்திருந்தேன், தலைக்கு மேல, தோள் மேலயெல்லாம் ரெக்கை. கொஞ்ச நேரம் கேமராவை எறக்கி மடில வெச்சுட்டேன்.

பூவுல எனக்கு உசிரு கண்வலிப்பூ. புக்குல செங்காந்தள்னு போட்டிருக்கும், நம்ம மாநிலப் பூ. மொட்டு பச்சையா தலைகீழாத் தொங்கும், விரிய விரிய இதழெல்லாம் மேல பாத்து மடங்கி அடில மஞ்சளும் நுனில செவப்புமா தீ மாதிரி நிக்கும், நாள் ஆக ஆக முழுச் செவப்பாயிரும், ஒரே கொடில எல்லா நெலையும் ஒண்ணா கெடைக்கும். இலை நுனியே சுருண்டு வேலியைப் புடிச்சு ஏறும். மூலனூர் பக்கம் இதையே பந்தல் போட்டு வெதைக்காக வெள்ளாமை பண்றாங்க, சூல்தண்டு பக்கவாட்டுல மடங்கி நிக்கறதால தானா மகரந்தம் சேர்றது கம்மி, வெடியால பொம்பளையாளுங்க வந்து பூப்பூவா கையில மகரந்தம் தொட்டு வெப்பாங்க. அதையும் ஒரு நா போய் எடுத்தேன், அந்தக் கைங்களை மட்டும். செடி மொத்தமும் வெசம்ங்கறதால கைய நல்லாக் கழுவிட்டு சாப்பிடச் சொன்னாங்க.

ஆடி மாசம் பூ எடுக்கறது மட்டும் கஷ்டம். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து எங்களைத் தூக்கிட்டுப் போற மாதிரி அடிக்கும், சும்மாவா கரண்ட் எடுக்க இவ்வளவு காத்தாடி நட்டு வெச்சிருக்காங்க. தண்டைத் துணி கிளிப்புல ஒரு குச்சியோட சேத்துப் புடிச்சு வெச்சு எடுப்பேன், எடுத்துட்டு மறக்காம கிளிப்பைக் கழட்டணும்.

சின்னப் பூச்சிக்கு மார்கழி. வெடியால அஞ்சே முக்காலுக்கு டார்ச்சோட போனா தட்டான், கும்பிடுபூச்சியெல்லாம் பனில நனைஞ்சு அப்படியே ஒட்டிட்டு இருக்கும், வெயில் பட்டு ஒடம்பு சூடானாதான் அதுங்களால பறக்க முடியும், அதுக்குள்ள எடுத்தாகணும். லென்ஸ் முன்னாடி சின்னதைப் பெருசாக் காட்டற ரேனாக்ஸ் டிசிஆர்-250ங்கற கண்ணாடியை மாட்டிப்பேன், பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவுல ஒரு சாண் கூட இருக்காது, மூச்சு விட்டா போகஸ் போயிரும். லென்ஸ் தொறப்பைச் சின்னதாக்கி எப்-11ல வெச்சாலும் கண்ணு தெளிவா இருந்தா காலு மங்கும். பிளாஷுக்கு முன்னாடி ட்ரேசிங் பேப்பர் ஒட்டியிருக்கேன், இல்லைன்னா பனித்துளி எல்லாம் வெள்ளைப் புள்ளியா எரிஞ்சு போகுது. பூச்சியைப் ஃப்ரிட்ஜ்ல வெச்சு மந்தமாக்கி எடுக்கறவங்க இருக்காங்க. அந்த மாதிரிப் படத்தை நான் லைக் கூடப் பண்றதில்ல.

இவ்வளவு பேசற நானும் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன், அதையும் சொல்லிடறேன். மொத வருசம், சூரி முள்ளுக்குள்ள ஒரு கொண்டைக்குருவிக் கூடு, மூணு குஞ்சு. முன்னால மறைச்ச ரெண்டு கிளையை ஒதுக்கி நூல்ல கட்டி வெச்சு எடுத்தேன், நல்லா வந்துச்சு, அன்னைக்கு கெளம்பற அவசரத்துல நூலை அவுக்க மறந்துட்டேன். அடுத்த நா பெரியப்பா போன் பண்ணினார். கூடு காலி, காக்காயா வால்காக்காயான்னு தெரியல. அவர் திட்டல. "அது மறைப்புன்னு நம்பித்தான கண்ணு அங்க வெச்சுச்சு"ன்னு மட்டும் சொன்னார். அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டுனதில்ல, அழிக்கவும் இல்ல. அதுக்கப்பறம் கூட்டுக்குக் கிட்ட போறதையே விட்டுட்டேன். போன்ல குருவிச் சத்தம் போட்டு வரவழைக்கறதும் கிடையாது.

இப்ப அந்த இட்டேரில பாதிதான் இருக்கு. மேற்கால பக்கத்துக் காட்டை வித்துட்டாங்க, வாங்குனவங்க ஜேசிபி விட்டு வேலியைப் பேத்து எடுத்துட்டு கல்லுக்கால் நட்டு கம்பி போட்டுட்டாங்க. ரெண்டு நாள் வேலை. அவங்களைக் குத்தம் சொல்லத் தெரியல எனக்கு, உயிர்வேலி எடத்தைப் புடிக்கும், வருசா வருசம் வெட்டி ஒதுக்க ஆள் வேணும், அந்த ஆள் இப்ப எல்லாரும் பனியன் கம்பெனில இருக்காங்க, என்னையும் சேத்து. ஆனா அந்த சங்கஞ்செடி, அந்த கிலுகிலுப்பை எல்லாம் அந்தப் பக்கம்தான் இருந்துச்சு. போன ஐப்பசில புளூ டைகர் கூட்டம் வந்துச்சு, எறங்கல, மேலயே போயிருச்சு. நாலு வருசப் படத்தையும் தேதியோட ஃபோல்டர் போட்டு வெச்சிருக்கேன், எந்த எடத்துல எந்தச் செடின்னு ஒரு நோட்டுலயும் எழுதி வெச்சிருக்கேன். பெரியப்பா பையனும் நம்ம பக்கமும் கம்பி போட்டுரலாம்னு சொல்லிட்டுத்தான் இருந்தான், ஒரு பொழுதோட லேப்டாப்பைத் திண்ணைல வெச்சு எல்லாத்தையும் காட்டினேன். முழுசாப் பாத்தான். "பாக்கலாங்க்கா"ன்னான். இன்னும் முடிவு சொல்லல.

பெரியப்பா அன்னைக்குப் படம் பூராப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார், "ஆறுமணிக்குருவி இல்லையே அம்மிணி?" வருசா வருசம் ஐப்பசில வடக்க இருந்து வந்து வேலி அடில சருகுல மேயற குருவி, பொழுது விடியறப்பவும் சாயறப்பவும் ரெட்டை விசில் அடிக்கும், பச்சை நீலம் செவப்புன்னு ஒடம்புல அத்தனை கலர், ஆனா வெளிய வராது. அவர் எழுவது வருசமா அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு இருக்கார், ஒரு தடவை கூடப் பாத்ததில்லையாம். நேத்து சாயங்காலம் போன் பண்ணி, "வந்துருச்சு, கெழக்கால வெள்ளவேலாவுக்குக் கீழ கத்துது"ன்னார். பேட்டரி ரெண்டும் சார்ஜ்ல போட்டிருக்கேன், வெளிச்சம் பத்தாம ஐஎஸ்ஓவை 3200க்கு ஏத்தி படம் புள்ளி புள்ளியா வந்தாலும் பரவால்ல, நாளைக்கு வெடியால அஞ்சரைக்கெல்லாம் அந்த மரத்தடில இருக்கணும்.