கொள்ளு மாவில் ஒரு கீறல்

"அம்மா, இந்தக் கீறலைப் பாருங்கள்."

மகள் தன் பழைய நுண்ணோக்கியை என் பக்கம் தள்ளினாள். கண்ணாடித் தகட்டில், சிங்கப்பூர்த் தேக்கா பக்கம் சென்ற வாரம் நான் வாங்கிய கொள்ளு மாவு ஒரு சிட்டிகை, ஒரு சொட்டுத் தண்ணீரில்.

ரசம் வைத்தபோதே சந்தேகம். வாசமே இல்லை.

சில மணிகள் நீள்வட்டமாக, நடுவில் நீளக் கீறலோடு இருந்தன. பயறு வகை மாவுச்சத்தின் அடையாளம் அது. பக்கத்திலேயே கீறல் இல்லாத தட்டை வட்டங்கள், பெரிதும் சிறிதுமாக.

கோதுமை! கொள்ளு விலைக்கு.

கீறல் பயறு என்று மட்டுமே சொல்லும். எந்தப் பயறு என்று அறிய விதைத்தோலின் செல்லமைப்பைப் பார்க்க வேண்டும், அல்லது டி.என்.ஏ.வைப் படிக்க வேண்டும். அது வீட்டு மேசையில் நடக்கிற காரியமில்லை.

பெயரிலும் குழப்பம்தான். இன்றைய தாவரவியலில் கொள்ளு 'மேக்ரோடைலோமா யூனிஃப்ளோரம்'. 'டோலிக்கோஸ் பைஃப்ளோரஸ்' என்ற பழைய பெயரோ ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் இன்னும் வாழ்கிறது. கொள்ளு விதையிலிருந்து எடுக்கும் ஒரு புரதம் 'ஏ' ரத்த வகையின் ஏ1 உட்பிரிவுச் சிவப்பணுக்களைத் திரளவைக்கும். ஏ2 உட்பிரிவை அப்படியே விட்டுவிடும்.

நம் ரத்தத்தின் உட்பிரிவையே கண்டுபிடித்துத் தரும் பயறு, ஒரு பொட்டலத்துக்குள் ஆள்மாறாட்டத்துக்கு ஆளாகிக் கிடக்கிறது.

நாளை முழுக் கொள்ளு வாங்கி, நானே வறுத்து அரைக்கப் போகிறேன்.

மீதி மாவா? "கோதுமைதானே, தோசையில் கலந்துவிடு" என்கிறார் மாமியார்.