பாதி விலை போட்ட இன்வாய்ஸ்

பூச்சிகளைப் படமெடுக்க ஒரு மேக்ரோ லென்ஸ் வேண்டும் என்று ரொம்ப நாள் காசு சேர்த்தேன். கடைசியில் வெளிநாட்டில் ஒருவர் தன்னுடைய பழைய லென்ஸை விற்பனைக்குப் போட்டிருந்தார். பணம் கட்டினேன், மறுநாளே கூரியரில் அனுப்பிவிட்டார். நான்காம் நாள் டிராக்கிங்கில் 'சுங்கத்தில் நிறுத்தப்பட்டுள்ளது' என்று வந்தது. அதோடு நின்றுபோனது.

கூரியர் நிறுவனத்திடம் பெட்டியோடு வந்த இன்வாய்ஸின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 'கேமரா, பரிசு' என்று இரண்டே வார்த்தை. மாடல் பெயர் இல்லை, பழையது என்ற குறிப்பும் இல்லை. மதிப்போ நான் கொடுத்ததில் சரிபாதி. எனக்கு வரி குறையட்டுமே என்ற நல்ல எண்ணத்தில்தான் அவர் அப்படி எழுதியிருக்கிறார். ஆனால் காசு கொடுத்து வாங்கியது பரிசு ஆகாது. மதிப்பைக் குறைத்துக் காட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் இறக்குமதி செய்பவர்தான். பெட்டி வழியில் உடைந்திருந்தால் முழு விலைக்கு இழப்பீடு கேட்கவும் வழியில்லாமல் போயிருக்கும்.

'கேமரா' என்ற சொல்லும் சிக்கல்தான். ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஓர் எண்ணை, அதாவது கோடை (code), தரும் உலக சுங்க அமைப்பின் ஹெச்எஸ் பட்டியல் 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் நாடுகளுக்கெல்லாம் கோடின் முதல் 6 இலக்கங்கள் பொது. அதற்குப் பின் வரும் இலக்கங்களையும் வரி விகிதத்தையும் அந்தந்த நாடு முடிவு செய்கிறது. டிஜிட்டல் கேமரா 8525 என்ற தலைப்பில் வரும். கேமரா லென்ஸ் 9002.11. சொல் மாறினால் கோடு மாறும், கோடு மாறினால் வரியும் மாறலாம்.

சரி என்று ஆவணங்களைத் திரட்டினேன். விற்பவரிடம் உண்மையான விலை போட்டுத் திருத்திய இன்வாய்ஸை வாங்கினேன். விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, வங்கி அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். அதிலும் ஒரு கேள்வி வந்தது. இன்வாய்ஸ் அவர் நாட்டு நாணயத்தில், வங்கி அறிக்கை என் நாட்டு நாணயத்தில், இரண்டும் பொருந்தவில்லை. வங்கி மாற்று விகிதத்தையும் அதன் கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்டி நான்கு வரி விளக்கம் எழுதினேன். அந்த நான்கு வரிதான் காரியத்தை முடித்தது என்று நினைக்கிறேன். மறுநாள் பெட்டி நகர்ந்தது.

பில்லைப் பார்த்ததும்தான் கணக்கு புரிந்தது. பல நாடுகளில் பொருளின் விலைக்கு மட்டும் வரி போடுவதில்லை. அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டி அதன்மேல் போடுகிறார்கள். கணக்குக்காகப் பொருள் 100, அனுப்பும் செலவும் காப்பீடும் 20 என்று வையுங்கள். 10 சதவீதம் சுங்க வரி என்றால் 12. அடுத்து வரும் விற்பனை வரி, இவை எல்லாம் சேர்ந்த 132-க்கு. அது 20 சதவீதம் என்றால் 26.40. ஆக 100-க்கு வாங்கியது கைக்கு வரும்போது 158.40. வரியை நமக்காக முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர் வாங்கும் கட்டணம் தனி. எனக்கு, பெட்டி தேங்கிக் கிடந்த நாட்களுக்குக் கிடங்கு வாடகையும் சேர்ந்தது. எவ்வளவு அரசுக்கு, எவ்வளவு கூரியருக்கு என்று பில்லில் பிரித்துக் காட்டியிருக்கிறதா என்று பார்த்து, வரி ரசீதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. பெட்டியின் ஒரு விளிம்பில் மட்டும் சுங்கத்தார் பிரித்து மறுபடி ஒட்டிய டேப்.

சமீபத்தில் வெளிநாட்டில் வேறொருவரிடம், லென்ஸோடு பொருத்தும் ஒரு மேக்ரோ ரிங் வாங்கினேன். பொருளின் பெயர், மாடல், பழையது என்ற குறிப்பு, கொடுத்த விலை, இவ்வளவையும் இன்வாய்ஸில் அப்படியே போடச் சொல்லி முதலிலேயே எழுதி அனுப்பினேன். "முழு விலையுமா? வரி வருமே" என்று கேட்டார். "வரட்டும், முழுசாகவே போடுங்கள்" என்றேன். அந்தப் பெட்டி சுங்கத்தில் ஒரே நாள்தான் இருந்தது.