ஏத்தன் பழத்தில் டிஎன்ஏ எடுத்த கதை

செல்லுக்குள் மரபுச் செய்தியைத் தாங்கும் நூல்தான் டிஎன்ஏ. அதை ஏத்தன் வாழைப்பழத்திலிருந்து (நேந்திரன்) வீட்டிலேயே பிரித்துப் பார்த்தோம். களக்காட்டில் பழத்துக்குப் பஞ்சமில்லை. ஸ்பிரிட்டுக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. மெடிக்கல் ஷாப்பில் சட்டென்று கிடைப்பது 70 சதவீத ஆல்கஹால். அதிலும் ஓரளவு வரும், ஆனால் 90க்கு மேல் இருந்தால் டிஎன்ஏ இழை நன்றாகத் திரளும். தேடி வாங்கி, ஃப்ரீசரில் வைத்தோம். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது, குப்பென்று பற்றிக்கொள்ளும்.

தங்கச்சி மகள்தான் கூட்டாளி. எல்லாரும் ஸ்ட்ராபெர்ரியில் செய்கிறார்கள். அதன் ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம் (டிஎன்ஏ சுருண்டிருக்கும் பொதி) தொகுதி எட்டு. ஏத்தனில் மூன்று. பரவாயில்லை, தோட்டத்துப் பழம்.

தோல் கறுத்த பழம் ஒன்றைக் கவரில் போட்டுக் கையாலேயே பிசைந்தோம். மிக்ஸியில் ரொம்ப நேரம் அடித்தால் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். அரை டம்ளர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் சேர்த்து, நுரை எழும்பாமல் கலக்கினோம். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். டிஎன்ஏவுக்கு எதிர் மின்னூட்டம். உப்பிலுள்ள சோடியம் அதைச் சமன்செய்தால்தான் இழைகள் ஒன்றோடொன்று சேரும்.

அப்புறம் பப்பாளிக்காய்ப் பால், சில சொட்டு. கறி வேக நம் வீட்டில் பப்பாளிக்காய் போடுவோமே, அதே வேலைதான்: டிஎன்ஏவைப் பற்றியிருக்கும் புரதத்தை அறுத்துவிடும். 1869இல் ஃபிரெட்ரிக் மீஷர் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியில் இருந்த சீழிலிருந்து இந்தப் பொருளை முதன்முதலாகப் பிரித்தபோது, புரதத்தை நீக்கப் பன்றி இரைப்பையின் நொதியைத்தான் பயன்படுத்தினார். நமக்குக் கொல்லைப்புறத்திலேயே மரம் நிற்கிறது.

கொஞ்ச நேரம் ஊறியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினோம். பிழியக் கூடாது, தானாக இறங்க வேண்டும். ஒடுக்கமான கண்ணாடி டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, வடிந்த அளவுக்கே சில்லென்ற ஸ்பிரிட்டை ஓரமாக விட்டோம். அது மேலே தனியாக நின்றது. இரண்டும் சேரும் இடத்தில் முதலில் மங்கலாக ஒரு படலம். பிறகு குட்டிக் குட்டிக் குமிழிகளைச் சுமந்துகொண்டு, நனைந்த இலவம்பஞ்சு மாதிரி வெள்ளை இழைகள் மேலே எழும்பின. ஈர்க்குச்சியால் சுற்றினால் வழவழவென்று கூடவே வருகிறது! அத்தனையும் சுத்தமான டிஎன்ஏ என்று சொல்ல முடியாது. பழத்திலுள்ள பசைப்பொருளான பெக்டினும், டிஎன்ஏவைப் போன்ற இன்னொரு மூலக்கூறான ஆர்என்ஏவும் கலந்திருக்கும். ஒரு டிஎன்ஏ நூலின் அகலம் 2 நானோமீட்டர்தான், அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. எத்தனையோ இழைகள் திரண்டதால்தான் கண்ணுக்குப் படுகிறது.

எட்டிப் பார்த்த அம்மா கேட்டாள்: "பக்கக்கன்றத்தானல நட்டிருக்கோம், அப்போ தோட்டம் பூரா இதே நூல்தானா?"

கிட்டத்தட்ட அப்படித்தான். மூன்று தொகுதி இருப்பதால் ஒழுங்காக விதை பிடிக்காது. தாய் மரத்தின் டிஎன்ஏவே கன்றுக்கும் வருகிறது. ருசி மாறாததற்கு அதுவே காரணம். ரஸ்தாளியில் வாடல் நோய் புகுந்தால் தோட்டத்தையே காலி செய்துவிடுகிறதே, அதற்கும் இது ஒரு காரணம். ஒரு மரத்துக்குத் தாங்கும் சக்தி இல்லையென்றால் பக்கத்து மரத்துக்கும் இல்லை.