மேனேஜருக்குப் பதிலாக மீட்டிங்கில் உட்காரும்போது

"நாளைக்கு அந்த மீட்டிங்குக்கு நீங்க போயிடுங்க" என்று சொல்லும் மேனேஜர், எதற்கெல்லாம் நீங்கள் சரி சொல்லலாம் என்பதைப் பெரும்பாலும் சொல்லமாட்டார். பேசத் தெரியாமல் மாட்டிக்கொள்வதைவிட, தலையாட்டக் கூடாத இடத்தில் தலையாட்டி மாட்டிக்கொள்வதுதான் இந்த வேலையில் வழக்கம்.

அதனால் முந்தின நாளே அவரிடம் 15 நிமிடம் கேட்டு வாங்கிவிடுவேன். அஜெண்டாவை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'சரி', 'கேட்டுச் சொல்கிறேன்', 'முடியாது' இந்த மூன்றில் ஒன்றை எழுதிக்கொள்வேன். 'சரி' என்று வந்தால் அளவு வேண்டும்: எத்தனை ஆட்கள் வரை, எத்தனை நாள் வரை, எவ்வளவு செலவு வரை. "பாத்துப் பண்ணிக்கோங்க" என்பது அளவு ஆகாது, திரும்பக் கேளுங்கள். 'முடியாது' என்றால் காரணமும் வேண்டும். காரணம் தெரியாத மறுப்பு, எதிரே இருப்பவர் இரண்டாவது முறை கேட்டாலே உடைந்துவிடும். ராஜினாமா, இன்னும் அறிவிக்காத பட்ஜெட் குறைப்பு மாதிரி வெளியே வரக் கூடாதவை எவை என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, போன மீட்டிங்கின் மினிட்ஸ், அதாவது அங்கே பேசியதையும் முடிவானதையும் எழுதிவைத்த பதிவு. மேனேஜர் பெயருக்கு எதிரே நிற்கும் வேலைகள் என்ன நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். முதல் கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும். எண்களைச் சொல்வதானால் எந்தத் தேதி நிலவரம் என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாத எண்ணை இன்னொரு டீமின் எண்ணோடு ஒப்பிட்டால் பத்து நிமிடம் வீண்.

நீங்கள் வருவதை மேனேஜரே மெயில் போட்டுச் சொல்லவேண்டும், எந்த அளவுக்கு முடிவெடுக்கலாம் என்பதோடு. நீங்களே போய் அறிவித்தால் எடுபடாது. அவர் அனுப்பிவைத்த அழைப்பில் லிங்க் திறக்கும், ஆனால் இணைத்திருக்கும் ஃபைல்களுக்கு உங்களுக்கு அனுமதி இல்லாமல் போகலாம். முந்தின நாள் மாலையே திறந்து பார்த்துவிடுவது நல்லது. ஓட்டெடுப்பு நடக்கும் கமிட்டி என்றால், பதிலாள் ஓட்டுப் போடலாமா, கோரத்தில் (மீட்டிங் செல்லுபடியாக வந்திருக்கவேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கில்) சேர்த்தியா என்று செயலாளரிடம் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் இரண்டும் கிடையாது.

மீட்டிங்கில் கவனிக்கவேண்டியது மௌனத்தை. நீங்கள் பேசாமல் இருந்தால் மினிட்ஸில் 'ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று ஏறிவிடும். ஆள் இல்லாத டீமின் தலையில் வேலையைக் கட்டுவது எல்லா ஆபீஸிலும் நடப்பதுதான். மேனேஜர் இல்லாத நாள் அதற்குத் தோதான நாள். அப்போது, "இதைக் குறிச்சுக்கறேன், இன்னும் ஒத்துக்கலை. நாளைக்கு நாலு மணிக்குள்ள பதில் வரும்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். நேரம் சொல்லாத 'கேட்டுச் சொல்றேன்' நழுவலாகத் தெரியும். "உங்க மேனேஜர் அன்னிக்கே ஓகே சொல்லிட்டாரே" என்று யாராவது ஆரம்பித்தால் வாதாடவேண்டாம். "எந்த மெயில்ல சார்? பாத்துட்டு உறுதி பண்றேன்" என்றால் போதும். பாதி பேர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அவருடைய கருத்தை ஊகித்து, "சார் இப்படித்தான் நினைப்பார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அவர் சொன்னதாகவே சுற்றிவரும். மேஜைக்கு அடியில் நிமிடத்துக்கொரு மெசேஜ் அனுப்புவதும் வேண்டாம். அப்படி அனுப்பினால் உங்களிடம் பேசிப் பயனில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். எந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவரைக் கூப்பிடலாம் என்று முன்பே பேசிவைத்துக்கொண்டால் நல்லது.

முடிந்த அன்றே அவருக்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் குறிப்பு போய்விடவேண்டும்: எடுத்த முடிவுகள், நம் மேல் விழுந்த வேலைகளும் தேதிகளும், அவர் பெயரில் நான் சொன்னவை, பதில் சொல்வதாக ஏற்றுக்கொண்டவை. யார் முகம் சுளித்தார்கள் என்பதை எழுத்தில் வைக்காமல் நேரில் சொல்லலாம். மினிட்ஸ் வரைவு வந்ததும் உங்கள் பெயர் இருக்கும் வரிகளை உங்கள் குறிப்போடு ஒத்துப்பாருங்கள். 'பரிசீலிக்கிறோம்' என்றது 'செய்கிறோம்' என்று மாறியிருந்தால் அன்றைக்கே எல்லோருக்கும் பதில் மெயில் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள். அடுத்த மீட்டிங்கில் அதை அங்கீகரித்துவிட்டால் மாற்றுவது கடினம், அந்த வரிக்குப் பதில் சொல்ல உட்காரப்போவதும் உங்கள் மேனேஜர்தான்.