ஸ்கேன்எஃப் விட்டுவைக்கும் எண்டர்

சி நிரலில் முதலில் வயது, அடுத்து பெயர் கேட்கிறோம். வயதை ஸ்கேன்எஃப் வாங்குகிறது, பெயரை எஃப்கெட்ஸ். ஓட்டிப் பார்த்தால் பெயர் கேட்கும் இடம் நிற்காமல் தாண்டிப் போய்விடும். கம்பைலர் மேல் பழி இல்லை. 25 என்று தட்டி எண்டர் அழுத்தினால் பஃபருக்குள் (தட்டியது படிக்கப்படும்வரை காத்திருக்கும் இடம்) போவது மூன்று எழுத்து: 2, 5, \என் (எண்டரின் வரிமுடிவுக் குறி). ஸ்கேன்எஃப்பில் எண் கேட்கும் %டி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு \என்-ஐ அங்கேயே விட்டுவிடும். எஃப்கெட்ஸ் \என்-ஐப் பார்த்ததும் வரி முடிந்தது என்று திரும்பிவிடும்.

இதற்கு, விசைப்பலகை உள்ளீடான எஸ்டிடிஇன்னைக் காலிசெய்ய எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஇன்) போடச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போடாதீர்கள். எஃப்ஃப்ளஷ் வெளியீட்டுக்கானது, எஸ்டிடிஇன் மேல் அது என்ன செய்யும் என்று சி தரநிலை வரையறுக்கவில்லை. ஓர் இடத்தில் வேலை செய்யும், இன்னோர் இடத்தில் செய்யாது.

எண்ணோ பெயரோ, எல்லாவற்றையும் எஃப்கெட்ஸால் முழு வரியாக வாங்குங்கள். எண் வேண்டுமானால் ஸ்டர்டால் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. %டி கேட்கும்போது யாராவது எழுத்தைத் தட்டினால் ஸ்கேன்எஃப் 0 திருப்பும், அந்த எழுத்து பஃபரிலேயே கிடக்கும். திருப்பி வரும் மதிப்பைப் பார்க்காமல் லூப்பில் வைத்திருந்தால் நிரல் நிற்காமல் சுற்றும். முழு வரியாக வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை.

ஸ்கேன்எஃப்பில் சொல் வாங்கும் %எஸ் இன்னும் மோசம். இடைவெளி வந்ததும் நின்றுவிடும், எழுத்துகளை வைக்கும் அரேயின் அளவும் அதற்குத் தெரியாது. 20 பைட் அரேக்கு %19எஸ் என்று எழுதினால்தான் பாதுகாப்பு. மீதி ஒரு பைட் முடிவில் வரும் \0-க்கு. அளவே கேட்காமல் வரியை வாங்கும் கெட்ஸை 2011 தரநிலையிலேயே நீக்கிவிட்டார்கள்.

எஃப்கெட்ஸுக்கும் ஒரு குணம் உண்டு: இடம் இருந்தால் \என்-ஐயும் அரேக்குள் வைத்துவிடும். சரியான கடவுச்சொல்லைத் தட்டியும் ஸ்டர்கம்ப் (இரண்டு சரமும் ஒன்றானால் 0 தருவது) 0 தராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சந்தேகம் வந்தால் [%எஸ்] என்று அடைப்புக்குறிக்குள் அச்சிட்டுப் பாருங்கள். மூடும் குறி அடுத்த வரியில் விழுந்தால் \என் உள்ளேதான் இருக்கிறது. அதை நீக்க ஸ்டர்லென் தரும் நீளத்தில் ஒன்றைக் கழித்து அந்த இடத்தில் 0 வைப்பார்கள். வரி நீளமாகி \என் உள்ளே வராதபோது அது நல்ல எழுத்தை வெட்டிவிடும். ஸ்டர்சிஸ்பன் \என் இருக்கும் இடத்தைத் தரும், இல்லாவிட்டால் சரத்தின் நீளத்தைத் தரும். அந்த இடத்தில் 0 வைத்தால் இரண்டு நிலையிலும் சரி. ஆனால் \என் வரவில்லை என்றால் வரியின் மிச்சம் பஃபரில் காத்திருக்கிறது. கெட்கேர் கொண்டு ஒவ்வோர் எழுத்தாக, \என் அல்லது ஈஓஎஃப் (உள்ளீட்டின் முடிவு) வரும்வரை படித்துத் தள்ளுங்கள்.

தமிழில் பெயர் வாங்குபவர்களுக்கு ஒன்று. ஸ்டர்லென் எண்ணுவது பைட்டை. யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டு முறையில் "தமிழ்" என்பதற்கு 15 கிடைக்கும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, ஒவ்வொன்றும் 3 பைட். 20 பைட் அரேயில் எஃப்கெட்ஸ் 19 பைட்தான் எடுக்கும், அதாவது ஆறு குறியும் ஏழாவதன் முதல் பைட்டும். நீளமான பெயரின் கடைசியில் கேள்விக்குறிப் பெட்டி தெரிவது அதனால்தான். அரேயை 256 என்று வையுங்கள்.