கார்ட்ரிட்ஜைப் போடுவது எளிது, எடுப்பதில்தான் சிக்கல்

டேப் லைப்ரரியில் (காப்புப்பிரதி டேப் கார்ட்ரிட்ஜ்களை அடுக்கிவைத்து, ரோபோ மூலம் டிரைவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்டியில்) பழுது என்றால் "ரோபோ நின்றுவிட்டது" என்றுதான் முதலில் சொல்வார்கள். கதவைத் திறந்து பார்த்தால் ரோபோ பெரும்பாலும் ஒரே மாதிரியான இடத்தில்தான் நிற்கும்: டேப்பைப் படித்து எழுதும் ஏதாவது ஒரு டிரைவின் வாய்க்கு முன்னால். நெடுக ஓடும் தண்டவாளம், பெல்ட், மேலும் கீழும் போகும் லிஃப்ட் எல்லாம் நம்பகமானவை. தகராறு வருவது கடைசிச் சில மில்லிமீட்டரில், ஒரு கருவி விட்டு இன்னொரு கருவி வாங்கும் அந்தக் கைமாற்றத்தில்.

அந்தக் கைமாற்றத்திலும் போடுவதும் எடுப்பதும் ஒன்றல்ல. போடும்போது தவறினால் மூடிய கார்ட்ரிட்ஜ் ரோபோவின் பிடிகையான கிரிப்பரிலேயே இருக்கும், உள்ளே இருக்கும் டேப்புக்கு ஒன்றும் ஆகாது. எடுக்கும்போது தவறினால் டேப் வெளியே வந்து வேறொரு ரீலில் சுற்றிக் கிடக்கும். எல்டிஓ என்ற டேப் வகையின் எட்டாம் தலைமுறையான எல்டிஓ-8 என்றால் டேப்பின் நீளம் 960 மீட்டர், எல்டிஓ-9 என்றால் 1,035 மீட்டர். அதனால் லைப்ரரியைப் பராமரிப்பவர் "லோட்" என்பதைவிட "அன்லோட்" என்பதை நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலில் கார்ட்ரிட்ஜ். எல்டிஓ கார்ட்ரிட்ஜின் அளவு 102 × 105.4 × 21.5 மில்லிமீட்டர். எடை சுமார் 200 கிராம். ஆடியோ கேசட்டில் இருப்பதுபோல் இரண்டு ரீல்கள் இதில் கிடையாது. ஒரே ரீல்தான், மற்றது டிரைவுக்குள் இருக்கிறது. டேப்பின் நுனியில் ஒரு மெல்லிய உலோகக் கம்பி, அதுதான் லீடர் பின். ஓரத்தில் ஸ்பிரிங் வைத்த சிறு கதவைத் தள்ளினால் அந்தப் பின் இரண்டு கவ்விகளில் நேராக உட்கார்ந்திருப்பது தெரியும். அடிப்பகுதியின் நடுவில் பல்வெட்டிய வளையம். டிரைவில் இல்லாத நேரத்தில் உள்ளிருக்கும் பிரேக் ரீலைப் பூட்டிவைத்திருக்கும். பக்கங்களில் உள்ள சிறு வெட்டுகள் கிரிப்பரின் விரல்கள் பிடிக்க. ஒரு மூலையில் 13.56 மெகாஹெர்ட்சில் தொடாமலே படிக்கக்கூடிய நினைவகச் சில்லு இருக்கிறது.

முன்பு வந்த ஐபிஎம் 3480 (1984) வகைக் கார்ட்ரிட்ஜில் பின்னுக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் கட்டை டேப் நுனியில் இருந்தது. அதையும் டிரைவுக்குள் இருக்கும் கை ஒன்று பிடித்து இழுத்துப் போகும். ஸ்டோரேஜ்டெக் 4400 என்ற உருளை வடிவ லைப்ரரி 1987இல் வந்து, சுமார் 6,000 கார்ட்ரிட்ஜ்களைச் சுழலும் கையால் எடுத்துக் கொடுத்தது. அமைப்பு எவ்வளவோ மாறினாலும் அடிப்படை வேலை இன்றும் அதேதான்: பிடி, இழு, கொண்டுபோ, தள்ளு, விடு.

ரோபோவின் வேலையை "தள்ளு, விடு" என்ற இடத்திலிருந்து பார்ப்போம். கிரிப்பர் கார்ட்ரிட்ஜை டிரைவின் வாய்க்குள் கொஞ்ச தூரம் தள்ளும். உள்ளே இருக்கும் சென்சார் அதைக் கண்டதும் டிரைவின் லோடர் மோட்டார் பிடித்து உள்ளே இழுக்கத் தொடங்கும். கிரிப்பர் அப்போது விட்டிருக்க வேண்டும். சீக்கிரம் விட்டால் கார்ட்ரிட்ஜ் பாதியில் நிற்கும், டிரைவ் அதைக் கண்டுகொள்ளாது. விடாமல் பிடித்திருந்தால் இரண்டு மோட்டார்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இதைத் தவிர்க்கத்தான் டிரைவும் லைப்ரரியும் தங்களுக்குள் தனியாக ஒரு சீரியல் இணைப்பில் பேசிக்கொள்கின்றன. "வாய் காலியா, கார்ட்ரிட்ஜ் வந்ததா, லோட் முடிந்ததா" என்பதெல்லாம் அந்த வழியில்தான் போகும். சர்வருக்குப் போகும் ஃபைபர் அல்லது சாஸ் கேபிள் வேறு. சர்வரிலிருந்து டிரைவ் நன்றாகத் தெரிகிறது, ஆனால் லைப்ரரியின் திரையில் அந்த டிரைவ் இல்லை என்று வந்தால், முதலில் பார்க்க வேண்டியது டிரைவைத் தாங்கும் ஸ்லெட் என்ற தட்டின் பின்னால் உள்ள இந்த உள் இணைப்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை.

டிரைவுக்குள் போனபின் கார்ட்ரிட்ஜ் நேராகப் பின்னால் போய், பிறகு கீழே இறங்கும். இறங்கும்போது அடியில் உள்ள பல்வளையம் மோட்டாரின் பற்களில் பொருந்தும், ரீல் பிரேக் விடுபடும். பக்கக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கும். நினைவகச் சில்லைப் படித்து எந்தத் தலைமுறை, எத்தனை முறை லோட் ஆனது என்று டிரைவ் தெரிந்துகொள்ளும். திரெடர் என்ற கை லீடர் பின்னைக் கவ்விக்கொண்டு, டேப்பைப் படித்து எழுதும் ஹெட்டைத் தாண்டி வளைந்த தடத்தில் ஓடி, உள் ரீலின் மையத்தில் பின்னை உட்கார வைக்கும். பிறகு ரீல்கள் இரண்டும் இழுவிசையோடு சுழன்று டேப் நிலைக்கு வரும். வழக்கமாக 15 விநாடி அளவில் "தயார்" என்று வரும். அந்தப் 15 விநாடிக்குள் கேட்டால் டிரைவ் "தயாராகிக்கொண்டிருக்கிறேன்" என்று 04/01 என்ற சென்ஸ் குறியீட்டை (தன் நிலையைச் சொல்லும் எண்ணை) தரும். இது பிழை அல்ல, பொறுத்திருந்து மறுபடி கேட்க வேண்டும்.

எல்டிஓ-9 டேப் புதிதாக முதல்முறை லோட் ஆகும்போது கதை வேறு. அந்த டேப்பின் அகலம் அந்த இடத்தின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் ஏற்ப எப்படி இருக்கிறது என்று டிரைவ் அளந்து பதிவுசெய்யும். சராசரியாக 40 நிமிடம் ஆகும், 2 மணி நேரம் வரை போகலாம். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. பேக்கப் மென்பொருளில் 10 நிமிட டைம்அவுட் வைத்திருந்தால், டேப் நல்ல நிலையில் இருக்கும்போதே ஜாப் தோற்கும், ரோபோவுக்கு எடுக்கச் சொல்லி உத்தரவும் போகும். புது டேப்புகளைக் காப்புப்பிரதி ஓடாத நேரத்தில் ஒரு சுற்று லோட் செய்து முடித்துவிடுவதே நல்லது. எந்த அறையில் பயன்படுத்தப்போகிறோமோ அங்கே ஒரு நாள் வைத்திருந்து, பிறகு இதைச் செய்ய வேண்டும்.

இனி எடுப்பது. இங்கே இரண்டு தனித்தனிக் கருவிகளுக்கு இரண்டு தனித்தனிக் கட்டளைகள் போகின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவுக்கு "அன்லோட் செய்" என்ற கட்டளை. ரோபோவை இயக்கும் மீடியம் சேஞ்சருக்கு "இந்த எலிமென்டிலிருந்து அந்த எலிமென்டுக்கு நகர்த்து" என்ற கட்டளை (எலிமென்ட் என்பது ஸ்லாட், டிரைவ் போன்ற இடம்). சில லைப்ரரிகள் நகர்த்தச் சொன்னாலே டிரைவை அன்லோட் செய்துகொள்ளும். மற்றவை செய்யாது. லினக்ஸில் ரோபோவுக்கான எம்டிஎக்ஸ், டிரைவுக்கான எம்டி ஆகிய கட்டளைகளை வைத்துக் கையால் இயக்குபவர்கள் முதலில் எம்டி ஆஃப்லைன் கொடுத்துவிட்டு, பிறகு எம்டிஎக்ஸ் அன்லோட் கொடுக்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டால் எந்த லைப்ரரியிலும் தவறாது.

அன்லோட் கட்டளை வந்ததும் டிரைவ் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) மிச்சமிருப்பதை டேப்பில் எழுதும். பிறகு ரீவைண்ட். ஒரே ரீல் என்பதால் முழு டேப்பும் கார்ட்ரிட்ஜுக்குள் திரும்பியாக வேண்டும், பாதியில் எடுக்க வழியே இல்லை. எல்டிஓ டேப்பில் எழுத்து பாம்புபோல் முன்னும் பின்னுமாகப் போகும். எல்டிஓ-8இல் 208 சுற்று (ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போவது ஒரு சுற்று), ஒவ்வொரு சுற்றிலும் 32 டிராக் எழுதப்படுகிறது. ஆகவே ஜாப் முடியும் நேரத்தில் ஹெட் டேப்பின் தொடக்கத்தருகே இருக்கலாம், மறுமுனையிலும் இருக்கலாம். அதனால்தான் அன்லோட் ஒருநாள் சட்டென்று முடிகிறது, இன்னொருநாள் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கிறது. டைம்அவுட் வைக்கும்போது மோசமான நிலையைக் கணக்கில் கொள்ள வேண்டும், சராசரியை அல்ல.

ரீவைண்ட் முடிந்ததும் திரெடர் பின்னைக் கொண்டுவந்து கார்ட்ரிட்ஜின் கவ்விகளில் வைக்கும். பயன்பாட்டு விவரங்கள் சில்லில் எழுதப்படும். கார்ட்ரிட்ஜ் மேலெழும், பிரேக் பூட்டும், டிரைவ் அதை வாய்க்கு வெளியே கொஞ்சம் தள்ளிவிட்டு லைப்ரரிக்குச் செய்தி அனுப்பும். அப்போதுதான் கிரிப்பர் போய்ப் பிடிக்கும். இந்தச் சங்கிலியில் பின்னைத் திரும்ப வைக்கும் படிதான் மிக நுட்பமானது. அந்த நேரத்தில் மின்சாரம் போனால் டேப் நடுவழியில் நிற்கும்.

எடுக்க மறுக்கும் டிரைவைப் பார்த்ததும் இயந்திரக் கோளாறு என்று முடிவுகட்டாதீர்கள். சென்ஸ் குறியீடு 53/02 என்றால் யாரோ ஒரு சர்வர் "வெளியே எடுக்கக் கூடாது" என்று பூட்டு போட்டிருக்கிறது என்று பொருள். பேக்கப் ஏஜென்ட் பாதியில் செத்துப்போயிருந்தால் அந்தப் பூட்டு அப்படியே நிற்கும். எந்த சர்வர் போட்டதோ அதிலிருந்து திறக்க வேண்டும். பல சர்வர்கள் ஒரே டிரைவைப் பகிரும் இடத்தில் இதுதான் அடிக்கடி வரும்.

உண்மையிலேயே சிக்கியிருந்தால், அவசரப்படாமல் இந்த வரிசையில் போகலாம். ஜாப்களை நிறுத்திவிட்டு ரீவைண்ட், அன்லோட் கட்டளைகளைத் தனித்தனியாகக் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம் காத்திருங்கள். பயனில்லை என்றால் லைப்ரரியின் மேலாண்மைத் திரையிலிருந்து டிரைவை மட்டும் அணைத்து ஏற்றுங்கள். உள்ளே டேப் இருப்பதை டிரைவ் கண்டுகொண்டு மெதுவாகச் சுற்றி மீட்கப் பார்க்கும். அதற்குப் பத்து நிமிடம் கொடுங்கள். இரண்டாவது நிமிடத்திலேயே மறுபடி அணைப்பவர்கள்தான் டேப்பை அறுக்கிறார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்லெட்டோடு டிரைவைக் கழற்றி, உள்ளே முக்கியத் தரவு இருந்தால் மீட்பு வேலை தெரிந்தவர்களிடம் கொடுக்க வேண்டும். வாய்க்குள் இடுக்கி விட்டு இழுக்கவே கூடாது. பின் உள் ரீலில் மாட்டியிருக்கும்போது கார்ட்ரிட்ஜை இழுத்தால் இழுபடுவது டேப்தான்.

சிக்கலுக்கான காரணங்களில் பெரும்பங்கு நம் கையில் இருப்பவை. பார்கோடு லேபிள் அதற்கென்று பள்ளம் வைத்த இடத்தில்தான் ஒட்ட வேண்டும். பழைய லேபிள் மேலேயே புதியதை ஒட்டினால் தடிமன் கூடும், ஓரம் பிய்ந்து டிரைவின் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். கார்ட்ரிட்ஜின் முதுகில் பேனாவால் எழுதிய காகிதத் துண்டு ஒட்டும் பழக்கத்துக்கும் இதே விளைவு. லேபிளில் எட்டு எழுத்து இருக்கும்: ஆறு பெயருக்கு, கடைசி இரண்டு தலைமுறைக்கு. அந்தக் கடைசி இரண்டு தவறாக இருந்தால், எல்டிஓ-7 டேப்பை எல்டிஓ-9 டிரைவுக்கு லைப்ரரி கொண்டுபோய்க் கொடுக்கும், டிரைவ் திருப்பித் துப்பும். எல்டிஓ-9 டிரைவ் 8ஐயும் 9ஐயும் மட்டுமே ஏற்கும்.

கீழே விழுந்த கார்ட்ரிட்ஜ் வெளியில் எந்தக் கீறலும் இல்லாமல் இருக்கும். ஆனால் பின் கவ்வியிலிருந்து நழுவியிருக்கலாம், ஓடு மெல்லப் பிளந்திருக்கலாம். அதை லோட் செய்தால் திரெடர் பின்னைத் தேடிக் கிடைக்காமல் நிற்கும், அல்லது கோணலாகக் கவ்வி டிரைவையும் சேர்த்துக் கெடுக்கும். குளிரான கிடங்கிலிருந்து நேராகக் கொண்டுவந்து போடுவதும் இதே அளவு ஆபத்து. டேப்பில் ஈரம் படிந்தால் ஹெட்டில் ஒட்டும். வெப்ப வேறுபாடு அதிகமென்றால் 24 மணி நேரம் அறையிலேயே வைத்திருங்கள்.

புதிதாக நிறுவிய லைப்ரரி முதல் தொடக்கத்திலேயே ரோபோ பிழை காட்டினால் போக்குவரத்துப் பூட்டைக் கழற்றினார்களா என்று பாருங்கள். ரோபோ அசையாமலிருக்கத் தொழிற்சாலையில் போட்டு அனுப்புவது அது. அடுத்து ரேக் சமமட்டமாக இருக்கிறதா. கார்ட்ரிட்ஜ்களை அடுக்கும் மெகசினில் ஒரு கார்ட்ரிட்ஜ் முழுதாக உள்ளே போகாமல் துருத்தியிருந்தாலும் ரோபோ இடிக்கும். கதவைத் திறந்து கையால் எதை மாற்றினாலும் உடனே இன்வென்டரி (எந்த ஸ்லாட்டில் எது இருக்கிறது என்ற கணக்கெடுப்பு) ஓட்டுங்கள். இல்லையென்றால் காலி ஸ்லாட் என்று நம்பி, நிறைந்த ஸ்லாட்டுக்குள் ரோபோ தள்ளப் பார்க்கும்.

சிக்கி மீண்ட கார்ட்ரிட்ஜைப் பழைய ஸ்லாட்டில் திரும்ப வைக்காதீர்கள். கதவை விரலால் தள்ளி, டார்ச் அடித்துப் பின் இரண்டு கவ்வியிலும் நேராக இருக்கிறதா, டேப்பின் ஓரம் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாகத் தெரிந்தால் ஒரே ஒரு முறை லோட் செய்து தரவை வேறு டேப்புக்கு நகலெடுங்கள். பிறகு லேபிளைக் கிழித்துவிட்டு அந்தக் கார்ட்ரிட்ஜைச் சேவையிலிருந்து நீக்குங்கள். அதே டிரைவில் ஒரு வாரத்துக்குள் இன்னொரு கார்ட்ரிட்ஜ் சிக்கினால் குறை டேப்பில் இல்லை, டிரைவில்தான். அதை மாற்றச் சொல்லுங்கள்.