விஞ்ஞான சேரும் ரோசா இலையும்

நம் பள்ளியின் விஞ்ஞான ஆசிரியர், நாமெல்லாம் 'சேர்' என்று கூப்பிட்டவர், காலமான செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை. அவரை நினைத்தால் உங்களுக்கு எது முதலில் வருமோ, எனக்குப் பள்ளி அதிபர் அறைக்கு முன்னாலிருந்த ரோசாப் பாத்திதான்.

எட்டாம் வகுப்பில் இருந்தேன். ஒரு நாள் காலை அந்த இலைகளின் ஓரமெல்லாம் வட்டவட்டமாக வெட்டு, கத்தரிக்கோல் வைத்தது போல. முதல் நாள் தண்ணீர் ஊற்றியவன் நான். காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முழங்காலில் நிறுத்தினார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலிருந்து வந்தவன் நான். "லயத்துப் பிள்ளைக்கு ரோசாவின் அருமை எங்கே தெரியும்" என்று ஒருவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

விஞ்ஞான சேர் அப்போது எதுவும் பேசவில்லை. பனி விலகி வெயில் ஏறியதும் என்னைப் பாத்தியடிக்குக் கூட்டிப்போனார். "அசையாம நில்லுடா." சின்னத் தேனீ ஒன்று இலை விளிம்பில் வந்து உட்கார்ந்தது. தாடையால் வளைத்து வெட்டி, துண்டை வயிற்றுக்கடியில் சுருட்டிப் பிடித்துப் பறந்தது. எல்லாம் சில விநாடிதான். நான் ஓடப் பார்த்தேன். அம்மா கொழுந்தெடுக்கும் மலையில் குளவி கலைந்து கொட்டுவதைக் கண்டு வளர்ந்தவன். சேர் என் கையை விடவில்லை. "இது குளவி இல்ல. இதுக்குக் கூட்டமும் இல்ல, ராணியும் இல்ல. தனி ஒருத்தி, தன் பிள்ளைக்கு வீடு கட்டுறா."

இலைவெட்டித் தேனீ. உலகத்தில் 1500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மகரந்தத்தைக் காலில் அல்ல, வயிற்றடி ரோமத்தில் சுமக்கும். சேர் ஆய்வுகூடச் சன்னலில் தொங்கிய மூங்கில் குழலைப் பிளந்து காட்டினார். உள்ளே சுருட்டு மாதிரி இலை சுற்றிய அறைகள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் மகரந்தக் களி, அதன்மேல் ஒரே ஒரு முட்டை. நீளத் துண்டு சுவருக்கு, வட்டத் துண்டு மூடிக்கு. மறுநாள் கூட்டத்தில் அந்தக் குழலை என் கையில் கொடுத்து, என்னையே விளக்கச் சொன்னார்.

நான் லண்டன் வந்ததும் கடிதம் போட்டார்: "அங்கேயும் ரோசா இலையில் வட்டம் இருக்கும், பார்த்து எழுது." அப்போது கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தேன், ஒரு செடிகூட இல்லை. பார்த்துவிட்டு எழுதலாம் என்றே வருடங்கள் போய்விட்டன.

இந்த ஜூலையில் வீட்டுச் சுவரில் வெயில் படும் பக்கமாக மூங்கில் குழல்கள் கட்டினேன். மூன்றாவது குழலின் வாய் பச்சை இலையால் அடைபட்டிருக்கிறது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். சேருடைய பழைய முகவரியும் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது.